சூட்டு வலி

முதலில் அதை வலி என்று சொல்லவே அழகுபாண்டிக்கு மனம் வரவில்லை. சரக்கு வேனில் ஏறி உட்காரும்போது வலது விதையில் ஒரு கனம், ஈரத்துணியைக் கட்டித் தொங்கவிட்டது மாதிரி. கீழக்குயில்குடியிலிருந்து ஆரப்பாளையத்துக்குக் காய்கறி ஏற்றிப் போய்வருவது அவன் வேலை. சீட்டுக்கு அடியிலேயே என்ஜின் கொதிக்கும் வண்டி. உடம்புச் சூடுதான் என்று முடிவு செய்துகொண்டான். எண்ணெய் தேய்த்துக் குளித்தான். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தான். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தான்.

கனம் போகவில்லை. ஒருநாள் குளிக்கும்போது கை தற்செயலாகப் பட்டது. விதையின் ஒரு பக்கம் கூழாங்கல் மாதிரி கெட்டித்திருந்தது. அழுத்திப் பார்த்தான். அந்த இடம் வலிக்கவே இல்லை. வலிக்கவில்லை என்பதே அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மனைவி சத்யப்ரியா நாகமலை புதுக்கோட்டையில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள்.

"என்ன மாமா, தள்ளித் தள்ளியே படுக்குறீங்க?"

"சூடு பிடிச்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல."

அவள் மோரில் சீரகம் போட்டுக் கொடுத்தாள்.

அந்த வீட்டில் இன்னொரு பெண்ணும் இருந்தாள். அழகுபாண்டியின் அண்ணன் செல்வக்குமாரின் மனைவி அன்னக்கொடி. முன்னறையில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். செல்வக்குமார் முப்பத்திரண்டு வயதில் செத்துப்போனான். வயிற்றில் கட்டி என்றுதான் ஊருக்கும், கூடப் பிறந்தவனுக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த அழகுபாண்டி, இடது தொடையில் பாரத்தைப் போட்டுச் சாய்ந்து, வலது முழங்காலை லேசாகத் தூக்கிக் கைலியைச் சரிசெய்துகொண்டான். குழம்பு ஊற்ற வந்த அன்னக்கொடி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஊத்துங்க மதினி" என்றான்.

ஊற்றினாள். சோற்றைத் தாண்டிக் குழம்பு ஓடியது.

அன்றிலிருந்து அவள் அவனைக் கவனிக்க ஆரம்பித்தாள். வண்டியிலிருந்து எப்படி இறங்குகிறான், படியில் எந்தக் காலை முதலில் வைக்கிறான். அவள் பார்ப்பது அவனுக்கும் தெரிந்தது. காரணம் புரியாமல் எரிச்சல்பட்டான். சத்யப்ரியா வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில், வண்டியில் ஏறப்போனவன் இடுப்புக்கு மேலே முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் குனிந்தான். மெஷினை நிறுத்திவிட்டு அன்னக்கொடி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"தம்பி, கீழ கட்டி இருக்கா?"

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன மதினி பேச்சு இது?"

"கேக்கக் கூடாததுதான். கல்லு மாதிரி இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"அண்ணன் இல்லாத வீட்டுல நீங்க எங்கிட்ட இப்பிடிப் பேசுனா, பாக்குறவன் என்ன நெனப்பான்?"

"உங்க அண்ணனுக்கு வயித்துல கட்டி வரல, தம்பி" என்றாள். "கீழதான் வந்துச்சு. உங்கள மாதிரியே ஒரு பக்கமா சாஞ்சு உக்காந்துக்கிட்டு, சூடு, சூடுன்னே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. எவன் எவன்கிட்டயோ எண்ணெய் வாங்கித் தடவுனாரு. பெறகு இந்தா, நீங்க பிடிச்ச எடத்துலயே முதுகு வலின்னாரு. வெளிய சொன்னா என்னைய ஆம்பளையா மதிக்க மாட்டாய்ங்கன்னு என் தலையில கைய வச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போனப்ப இருமல்ல ரத்தம் வந்துக்கிட்டிருந்துச்சு."

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆரப்பாளையத்தில் மூட்டை இறக்கும்போது கூட்டத்துக்கு நடுவில் நின்று மெதுவாக ஒருமுறை இருமிப் பார்த்தான்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது சத்யப்ரியா பையைத் தயாராக எடுத்து வைத்திருந்தாள். அழுத முகம்.

"அக்கா எல்லாம் சொன்னாங்க. நாளைக்குக் காலையில போறோம்."

அவன் அன்னக்கொடியின் அறை வாசலில் போய் நின்றான். "நீங்களும் வாங்க மதினி" என்றான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சிறுநீரக மருத்துவர் இம்மானுவேல் அவனைப் படுக்கவைத்துப் பரிசோதித்தார். அவர் கை ஓரிடத்தில் நின்றது. உடனே ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பினார். முடிவுகள் வந்ததும் மூவரையும் உட்காரச் சொன்னார்.

"இந்த எடத்துல வலின்னா எல்லாமே இதுவா இருக்காது. கிருமியால வீங்கும், நீர் கோக்கும், ரத்தக்குழாய் புடைக்கும். திடீர்னு உயிர் போற மாதிரி வலிச்சா விதை முறுக்கியிருக்கலாம், அப்ப உடனே ஓடி வரணும். ஆனா இப்பிடி வலிக்காம கெட்டியா இருக்கு பாருங்க, நாங்க பயப்படுறது இதுக்குத்தான்." பேனாவை மூடினார். "இது புத்துநோய். வயித்துக்குள்ள, முதுகெலும்புக்கு முன்னால ஒரு நெறி கட்டியிருக்கு, அங்கயும் போயிருக்கு. உங்க வீட்டுல வேற யாருக்காவது?"

அழகுபாண்டி மதினியைப் பார்த்தான்.

"கூடப் பொறந்த அண்ணனுக்கு" என்றாள் அன்னக்கொடி.

மருத்துவர் தலையசைத்தார். "அண்ணன் தம்பிகளுக்கு வர்றது உண்டு. அடிவயித்துக்குக் கீழ கீறி அந்த விதைய எடுத்துருவோம். பெறகு மருந்து ஏத்தணும். இன்னொரு விதை நல்லா இருக்கு, தாம்பத்தியத்துக்குக் கொறை வராது. மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி விந்த எடுத்துச் சேமிச்சு வச்சிருவோம், நாளைக்குப் புள்ளைக்கு ஆகும்."

"வச்சிருங்க சார்" என்றாள் சத்யப்ரியா, அவன் வாய் திறக்கும் முன்பே.

"பொழைச்சிருவேனா சார்?"

"பரவுன பெறகும் மருந்துக்குக் கட்டுப்படுற புத்துநோய் இது. பெரும்பாலானவங்க பொழைச்சுக்கிறாங்க."

அன்னக்கொடி நிமிர்ந்தாள். "பெரும்பாலானவங்கன்னா… முதல்லயே வந்திருந்தா, அவரும் பொழைச்சிருப்பாரா?"

மருத்துவர் மேஜையைப் பார்த்தார். "வாய்ப்பு நெறையா இருந்துச்சும்மா."

அவள் மேஜையிலிருந்த பரிசோதனைச் சீட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி உறைக்குள் வைத்தாள்.

அறுவை முடிந்தது. மருந்து ஏற ஏற அழகுபாண்டிக்கு முடி கொட்டியது, வாயெல்லாம் புண்ணாயிற்று, சோற்று வாசனைக்கே குமட்டியது. சத்யப்ரியாவுக்கு லீவு கிடைக்காத நாட்களில் அன்னக்கொடிதான் கூட வந்தாள். சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால்கூடச் சில நேரம் திரும்ப மாட்டாள். பாட்டில் தீர்ந்ததும் நர்ஸிடம், "இம்புட்டுத்தானா?" என்று கேட்பாள். ஒவ்வொரு முறையும் அதையே கேட்டாள்.

கடைசி ஸ்கேனில் நெறி கரைந்திருந்தது. வருஷக்கணக்கில் பரிசோதனைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும், திரும்ப வராது என்று இப்போது சொல்ல முடியாது என்றார் மருத்துவர். கடையிலிருந்த சத்யப்ரியா போனில் அழுதாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அன்னக்கொடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நாகமலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

"அண்ணன் கேட்டிருக்க மாட்டான் மதினி" என்றான் அழகுபாண்டி. "யார் சொன்னாலும் வந்திருக்க மாட்டான்."

"நான் சொல்லவே இல்லையே, தம்பி" என்றாள் அவள்.

இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. அவன் எழுந்தான். அவள் எழவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். அவளைக் கையைப் பிடித்துத்தான் இறக்கிக் கூட்டிப்போக வேண்டியிருந்தது.