சரிங்க மேடம்

பெரிய மேடத்தின் தலையில் ஒரு முடிகூடக் கறுப்பு கிடையாது. பள்ளிக்கூடத்தில் இது யாருக்கும் தெரியாது. "இந்த வயசிலும் நம்ம மேடத்துக்கு முடியைப் பாருங்களேன்" என்று ஆசிரியைகள் அள்ளி விடுவார்கள். மேடமும் ஏதோ தானே முளைக்க வைத்தது மாதிரி ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தத் தலைக்கு மாதா மாதம் சாயம் பூசுகிறவளுக்கு மட்டும் உண்மை தெரியும். பள்ளிக்கூடத்துக்கு எதிர்த் தெருவில் இருக்கும் பார்லரில் வேலை அவளுக்கு. பெரிய மேடம் தலைமையாசிரியையாக இருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் அவள் மகள் வாண்டு மூன்றாம் வகுப்புப் படித்தாள்.

பார்லர் வேலையில் கத்தரிக்கோல் பிடிப்பதெல்லாம் பிறகு. முதல் பாடம் "சரிங்க மேடம்" சொல்வது. சேர்ந்த அன்றைக்கே ஓனரம்மா சொல்லிக்கொடுத்துவிட்டார்: நாற்காலியில் உட்கார்ந்தவர் சூரியன் மேற்கே உதிக்கிறது என்றாலும் சரிங்க மேடம். அவளும் அதைத் தொழில் சுத்தமாகக் கற்றுக்கொண்டாள். வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும். மனசு அது பாட்டுக்கு எதிரில் உட்கார்ந்திருப்பவரைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருக்கும்.

கிழிக்க விஷயத்துக்கும் பஞ்சமில்லை. வாண்டுக்குச் சர்க்கரை நோய் என்று எப்படியோ எல்லாருக்கும் தெரிந்துபோயிருந்தது. "குழந்தைக்குப் போய் சுகரா? மிட்டாயா வாங்கிக் குடுத்துக் கெடுத்திருப்பே" என்பார் ஒருவர். "எங்க மாமனாருக்கும்தான் இருந்துச்சு, தினம் நடந்தார், ஓடியே போச்சு" என்பார் இன்னொருவர். இந்த மகராசிகளின் புருவத்தில் நூலை வைத்துக்கொண்டு அவள் நிற்பாள். ஓர் இழுப்பு கூடுதலாக இழுத்தால் பாதிப் புருவம் காலி. இழுக்க மாட்டாள். சரிங்க மேடம் என்பாள்.

வாண்டுக்கு வந்தது மிட்டாயால் வந்ததும் அல்ல, நடந்தால் ஓடிப்போகிறதும் அல்ல. அவள் உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுபோய்விட்டது. சாப்பிடும் முன் ஊசி போட்டாக வேண்டும். ஊசி போட்ட பிறகு கொஞ்சம் கூடுதலாக ஓடியாடினாலோ, சாப்பாட்டில் கொஞ்சம் குறைத்தாலோ, ரத்தத்தில் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். அந்த நிமிஷமே இனிப்பாக எதையாவது குடிக்க வேண்டும். குடிக்காவிட்டால் மயக்கம். மயக்கத்துக்கு அப்பால் என்ன என்பதை டாக்டர் ஒரு தடவை சொன்னார். அவள் அதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. அதற்காகத்தான் வாண்டுக்கு இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு சின்னப் பை தைத்தாள். உள்ளே விரலில் குத்திப் பார்க்கும் கருவி, உறிஞ்சு குழாய் ஒட்டிய பழச்சாறு டப்பாக்கள். அந்தப் பை குழந்தையின் இடுப்பில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் இந்த உலகத்திடம் கேட்டது.

கேட்டதும் இதே நாற்காலியில் வைத்துத்தான். பெரிய மேடம் தலை முழுக்கச் சாயமும் கழுத்தைச் சுற்றித் துண்டுமாகக் கண்ணை மூடியிருந்தார்.

"க்ளாஸ்ல யாரும் எதையும் திங்கக் கூடாதுங்கிறது என்னோட ரூல்" என்றார், கண்ணைத் திறக்காமலே. "ஒரு பிள்ளை ஜூஸ் குடிச்சா மொத்த க்ளாஸும் கேக்கும். பை என் ரூம் பீரோவுல இருக்கட்டும். பத்திரமா இருக்கும்ல?"

பத்திரமாகத்தான் இருக்கும், பைக்கு என்ன கேடு? வாண்டின் வகுப்பு மாடியில், கடைசி அறை. மேடத்தின் அறை கீழே. பீரோவுக்குப் பூட்டு, பூட்டின் சாவி கிளார்க்கிடம், கிளார்க் எங்கே இருப்பார் என்பது அவருக்கே தெரியாது. நடுங்கும் காலோடு ஒரு குழந்தை படியிறங்கி வந்து கிளார்க்கைத் தேட வேண்டும். இத்தனையும் அவள் நுனி நாக்கு வரை வந்தது.

"சரிங்க மேடம்" என்றாள்.

அன்று வீட்டுக்குப் போய் மகளுக்கும் அதே பாடத்தை நடத்தினாள். "பெரிய மேடம் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசக் கூடாது. சரிங்க மேடம்னு சொல்லணும். கோவம் வந்துச்சுன்னா, உன்னைச் சேர்த்துக்க முடியாதுன்னுடுவாங்க. புரியுதா?" இதற்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடம் அப்படித்தான் நாசூக்காகக் கையை விரித்திருந்தது. வாண்டு தலையாட்டினாள். புருஷனிடம் சொன்னபோது, "அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்க" என்றான். லாரியில் ஊர் ஊராகப் போகிறவன், போனிலேயே குடும்பம் நடத்துகிறவன், அவனுக்கு எல்லாவற்றையும் யாராவது பார்த்துக்கொள்வார்கள்.

தினமும் மதியம் வேலைக்கு நடுவே ஓடிப்போய் அவள்தான் ஊசி போட்டுவிட்டு வருவாள். ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் வராமல் போனதால் கொஞ்சம் முன்னதாகவே போனாள்.

மேடத்தின் அறை வாசலில் ஒரே கூட்டம். உள்ளே பெஞ்சில் வாண்டு சாய்ந்து கிடந்தாள். முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது, உதடு வெளுத்திருந்தது, கையில் காலியான ஜூஸ் டப்பா. வகுப்பு மிஸ் பரீட்சை அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். காற்றில்லாமல் வந்த நோய் என்று நினைத்தார் போல.

"கவலைப்படாதே" என்றார் பெரிய மேடம். "சாவிதான் கொஞ்சம் லேட்டாயிடுச்சு, கிளார்க் சாப்பிடப் போயிட்டார். வந்ததும் ஜூஸைக் குடுத்தாச்சு. ஒண்ணு இல்ல, ரெண்டு குடிச்சுட்டா. இப்ப சரியாயிடும்."

இரண்டு குடித்திருந்தால் இந்நேரம் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தையின் விரலில் குத்திப் பார்த்தாள். கருவி காட்டிய எண் இன்னும் பாதாளத்திலேயே இருந்தது. டப்பாவைப் பிடுங்கிப் பார்த்தாள். அவள் வாங்கிக் கொடுத்த டப்பா அல்ல. பழத்தின் படம், அதற்குக் கீழே பச்சை எழுத்தில்: சர்க்கரை அறவே இல்லாதது.

"இது யார் வாங்கினது?"

"நான்தான்" என்றார் மேடம், பாராட்டை எதிர்பார்க்கும் குரலில். "நீ அனுப்பினதை எடுத்துப் பார்த்தேன், ஒரே சர்க்கரை! சுகர் இருக்கிற குழந்தைக்கு அதைப் போய் யாராவது குடுப்பாங்களா? தெரியாம வாங்கிட்டே போலன்னு, தேடிப் பிடிச்சு இதை வாங்கி வச்சேன். அந்தப் பழசையெல்லாம் ஸ்டாஃப் ரூம்ல குடுத்துட்டேன்."

அதாவது, அவள் மகள் உயிருக்கென்று வாங்கி வைத்ததை ஆசிரியைகள் உட்கார்ந்து உறிஞ்சிச் சப்புக்கொட்டியிருக்கிறார்கள். அவள் மகளுக்கு வாசனை போட்ட தண்ணீர்.

திட்ட நேரமில்லை. இனிப்புக்காகக் கண்ணால் அறையைத் துழாவினாள். அதிக தூரம் துழாவ வேண்டியிருக்கவில்லை. மேடத்தின் மேஜையிலேயே டீத் தட்டு இருந்தது. தட்டில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். கிண்ணம் நிறைய வெள்ளை வெளேரென்று சர்க்கரை. கிளார்க்கையும் சாவியையும் தேடி இத்தனை பேரும் ஓடிய அத்தனை நேரமும் அது அங்கேதான், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. டீச்சர்கள், மேடம், படித்த படிப்புகளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய கூட்டம்!

"ஐயையோ, சர்க்கரையையா!" என்று வகுப்பு மிஸ் அலறினார். மேடம் குறுக்கே கையை நீட்டினார். அந்தக் கையை அவள் தட்டிவிட்டாள். தண்ணீரில் சர்க்கரையை அள்ளிக் கொட்டிக் கலக்கி, குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தாள். முதல் மடக்கு கடைவாயில் வழிந்தது. பிறகு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் உதட்டில் நிறம் வந்தது. வாண்டு கண்ணைத் திறந்து, "அம்மா, இன்னைக்கு சீக்கிரம் வந்துட்டியா?" என்றாள். அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. இவர்கள் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நல்லதுன்னு நினைச்சுதானே பண்ணோம்" என்றார் மேடம், முகம் சுண்ட. "இதை வெளியில பெருசு பண்ணாதே. ஸ்கூல் பேரு இருக்கில்ல."

ஸ்கூல் பேரு இருக்கட்டும், குழந்தை பேரைக் கேட்டால் மேடம் சொல்லிவிடுவாரா என்று யோசித்தாள். மகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் பார்த்துவிட்டு, ஆபத்து தாண்டியாச்சு என்றார். பை எங்கே என்று கேட்டார். பீரோவில் என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. "இடுப்பை விட்டு இறங்கக் கூடாதும்மா" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் வாண்டு மெதுவாகச் சொன்னாள். "எனக்கு அது வேற ஜூஸுன்னு தெரியும்மா."

"எப்படித் தெரியும்?"

"டப்பாவுல போட்டிருந்துச்சே. குடிச்சதும் நாக்குல கசந்துச்சு. இது வேலை செய்யாதுன்னு தெரியும்."

"அப்ப சொல்றதுக்கென்ன? வாய் இல்லையா உனக்கு?"

வாண்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "மேடம் சொன்னா சரிங்க மேடம்னுதான் சொல்லணும்னு நீதானே சொன்னே. சேர்த்துக்க மாட்டாங்கன்னு சொன்னியே."

அவள் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை நாளும் அவள் மனசுக்குள் கிழித்துத் தோரணம் கட்டிய ஆட்கள் எத்தனை பேர்! மேடம், மிஸ், கிளார்க், புருஷன், புருவக்காரிகள். அவர்கள் அத்தனை பேரும் கொடுத்தது வாசனைத் தண்ணீர்தான். அதைக் குழந்தையின் தொண்டையில் இறக்கியது அவள் சொல்லிக்கொடுத்த இரண்டு வார்த்தை. எல்லாரையும்விடத் தன்மேல்தான் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

அந்த வாரக் கடைசியிலேயே பெரிய மேடம் பார்லருக்கு வந்துவிட்டார். மறுநாள் பள்ளி ஆண்டு விழா. மேடையில் வெள்ளை முடியோடு நிற்க முடியுமா? ஓனரம்மா வெளியே போயிருந்தார். வாண்டு சுவரோரம் ஸ்டூலில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இடுப்பில் பையோடு. அம்மா மேடத்தின் தலையை நடுவில் வகிடு எடுத்துப் பிரித்து இடது பக்கத்திலிருந்து சாயம் பூச ஆரம்பித்தாள்.

"குழந்தை தேறிட்டாளே!" என்றார் மேடம். "நானும் யோசிச்சுட்டேன். இனிமே நீ குடுக்கிற ஜூஸையே வச்சுக்கறோம். என் பீரோவுலயே இருக்கட்டும். ஆனா க்ளாஸுக்குள்ள இந்தப் பை வேண்டாம். ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான். என்ன?"

சரிங்க என்பது தொண்டை வரைக்கும் வந்தது, பழக்க தோஷம். கண்ணாடியில் வாண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். கால் ஆட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

இடது பக்கம் முடிந்திருந்தது. அவள் பிரஷ்ஷைக் கிண்ணத்தில் போட்டாள். கையுறையைக் கழற்றினாள்.

"என்னாச்சு?"

"சாயம் தீர்ந்துடுச்சு மேடம். மீதி பீரோவுல இருக்கு. பத்திரமா இருக்கட்டும்னு பூட்டி வச்சிருக்கு. சாவி ஓனரம்மாகிட்ட. அவங்க சாப்பிடப் போயிருக்காங்க. வர்ற வரைக்கும் அப்படியே உக்காருங்க."

மேடம் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். இடது பக்கம் கன்னங்கரேலென்று, வலது பக்கம் பஞ்சு. முகத்தில் ஈயாடவில்லை.

"விளையாடுறியா? நாளைக்கு விழா! பாதித் தலையோட எப்படிப் போவேன்? என் முடி என்ன ஆகறது?"

"முடிதானே மேடம்" என்றாள் அவள்.

வேலை போகலாம். ஓனரம்மா வந்ததும் நிச்சயமாகப் போகும். அது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. மேடம் கதவைப் பார்த்தார். கதவுக்கு வெளியே தெரு, தெரு முழுக்கப் பெற்றோர்கள். துண்டை இறுக்கிக்கொண்டார்.

"சரி" என்றார் கடைசியில். "பையைக் கட்டிக்கிட்டே வரட்டும்."

"எனக்கென்ன மேடம்? அவகிட்ட சொல்லுங்க."

பெரிய மேடம் அந்தப் பாதித் தலையைத் திருப்பி ஸ்டூலைப் பார்த்தார். "பையோட வாம்மா. ஆனா குடிக்கிறதுன்னா மிஸ்கிட்ட கேட்டுட்டு, வெளியில போய்..."

வாண்டு ஒரு தடவை அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஒன்றும் சொல்லித் தரவில்லை.

"முடியாது மேடம்" என்றாள் வாண்டு. "எப்ப நடுங்குதோ அப்பவே குடிப்பேன். கேட்டுட்டெல்லாம் குடிக்க மாட்டேன்."

மேடம் வாயைத் திறந்தார். கண்ணாடியில் மறுபடி தன் தலையைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"சரிம்மா" என்றார்.

அவள் கீழ்த்தட்டிலிருந்த சாய டப்பாவை எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றினாள். அங்கே பீரோவும் இல்லை, பூட்டும் இல்லை. வலது பக்கத்தையும் ஒரு முடி விடாமல் பூசினாள்.