அடங்காப்பிடாரிக்கு ஒரு மேற்கோள்

அகராதி அலுவலகத்தில் ஒரு சொல்லைக் கொல்ல ஒரு சிவப்புப் பேனா போதும். அச்சொல்லைக் கடைசியாக யார் வாயில் கேட்டது என்று குறித்த அட்டைக்கு இருபது ஆண்டு கடந்துவிட்டால், அதன் தலையில் ஒரு பெருக்கல் குறி; வழக்கொழிந்தது என்று பொருள். அன்று காலை, அங்கே தொகுப்பாளராயிருந்த அவள் மேசைக்கு வந்த சொல் ‘அடங்காப்பிடாரி’.

“இத முடிச்சு விட்டுருங்கக்கா. இப்ப யாரு பொண்ணுங்கள இப்படித் திட்டுறாங்க?” என்றாள் பக்கத்து மேசைக்காரி. “என் மாமியார் இருந்திருந்தா, ஒரே நாள்ல நாலு அட்டை எழுதியிருக்கலாம்.”

பிடாரி ஒரு பெண்தெய்வம். எந்தக் கட்டுக்குள்ளும் நில்லாதவள் என்று அஞ்சிக் கும்பிடப்பட்டவள். கும்பிட்ட வாயே அந்தப் பெயரை, ஓடிக் குதித்த பெண்பிள்ளைகளுக்கு வசவாக்கியது. இந்த விளக்கத்தை எழுதியிருந்தவள் அவளேதான். மேற்கோள் அட்டையைத் திருப்பினாள். அதுவும் அவள் கையெழுத்து. ‘படியிலயா குதிக்கிற? எறங்குடி, அடங்காப்பிடாரி!’ சொன்னவர்: தாய். கேட்டவர்: மகள், வயது ஏழு. இருபது ஆண்டு நேற்றோடு நிறைந்திருந்தது.

அந்தத் தாயும் அவள்தான். அவர்கள் மாடிவீட்டு மரப்படிக்கட்டில் மேலிருந்து ஒன்பதாம் படி முனகும். மகள் வேண்டுமென்றே அதில் ஏறிக் குதிப்பாள். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் தன் வீட்டுக் கூரையைக் கீழிருந்து இடிப்பார். மெல்லப் பேசு, மெல்லச் சிரி, மெல்ல நட என்று நாளுக்கு நாள் தட்டித் தட்டி அடக்கியவள் தாய்தான். அந்த மகள் இரண்டு வாரத்துக்கு முன் தோளில் கன்றிய நீலத்தோடு கணவன் வீட்டிலிருந்து வந்து நின்றாள். ஏன் என்று சொல்லவில்லை. இன்று ஐந்து மணிக்கு அவன் அழைத்துப்போக வருகிறான். ‘போகமாட்டேன்’ என்று ஒரு வார்த்தை மகள் சொன்னால் கதவை மறித்து நிற்கத் தாய் தயார். தானே முந்திக்கொண்டு ‘போகாதே’ என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. “பொண்ண அடக்கமா வளத்திருக்கீங்க” என்று சம்பந்தியம்மாள் மெச்சியபோது பல்லெல்லாம் தெரியச் சிரித்த வாய் அது.

குறியிடாத அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அரைநாள் விடுப்பில் வீட்டுக்கு வந்தாள்.

ஐந்தாகப் போகும்போது மகள் பெட்டியை அடுக்கி முடித்திருந்தாள். தாய் அதைக் கவிழ்த்து, மடித்த துணி அத்தனையையும் தரையில் கொட்டினாள்.

“கோவப்படுடி, அடங்காப்பிடாரி! ஒரு தடவ கத்துடி.”

மகள் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். “மெல்லம்மா. கீழ்வீட்டுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டும். உனக்குப் போகணுமா?”

மடிப்பை நீவிக்கொண்டிருந்த கை நின்றது.

“நீ என்னம்மா சொல்ற?”

இருபது ஆண்டுகளில் மகள் அவளைத் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும். தாய் வாயைத் திறந்தாள். தெருவில் மருமகன் வண்டியின் ஒலிப்பான் இரண்டுமுறை அடித்தது.

“பாத்துப் போ” என்ற குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே ஐயமாயிருந்தது.

மகள் தலையாட்டிவிட்டு, மிச்சத் துணியையும் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு இறங்கினாள். படிக்கட்டின் உச்சியில் நின்று தாய் எண்ணினாள். ஏழு. எட்டு. அடுத்த படியின் முனகலுக்காகக் காத்திருந்தாள். பெட்டி சுவரில் உரசாமல் இருக்க அதை மார்போடு அணைத்தபடி, ஒரு காலை அகல எடுத்துவைத்து, ஒன்பதாம் படியை ஓசையில்லாமல் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தாள் மகள்.