எருமைகள் இறங்கும் குளம்

என் கணவர் ஜவ்பருக்கு மூளை இருக்கிறது. சில நேரம் அதை வேலை செய்ய விடமாட்டார், அவ்வளவுதான். கட்டாரில் உழைத்ததைக் கொண்டுவந்து, தோப்பூரில் எங்கள் வீட்டோடு சேர்த்து, குளத்தைப் பார்த்தபடி சுற்றுலாப் பயணிகளுக்கென்று ஓர் அறை கட்டினார். வருகிறவர்கள் எல்லாம் உப்புவெளிக் கடலோடு நின்றுவிட்டார்கள். இந்த சீசனிலும் அறை பூட்டிக் கிடந்தால் திரும்பவும் கட்டாருக்குப் போவதென்று ஏஜென்சியில் கதைத்து வைத்திருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து பிரியங்கினி என்றொரு பெண் ஃபோன் எடுத்து, கணவரோடு ஒரு கிழமை தங்க வருவதாகச் சொன்னாள். நான் அறையைக் கழுவித் துடைத்தேன். இவர் நேரே குளக்கரைக்குப் போனார். தயிர் விற்கும் குஞ்சித்தம்பி அண்ணன் அங்கே தன் எருமைகளைத் தண்ணீரில் விட்டிருந்தார்.

"அண்ணன், கொழும்பு ஆக்கள் வாறாங்க. எருமையள் நிண்டா நாறும். ஒரு கிழமைக்கு அங்கால ஓட்டிக்கொண்டு போங்களன்."

அண்ணனின் முகம் சுருங்கிவிட்டது. எருமைகளை ஓட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் வந்திறங்கிய பிரியங்கினி, பையைக்கூடக் கீழே வைக்காமல் குளத்தைப் பார்த்தாள். பிறகு ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினாள். அறைக்கு ஆள் வரட்டும் என்று நான் எடுத்து இணையத்தில் போட்ட படம்தான்: வயலுக்கு நடுவே குளம், தண்ணீரில் எருமைகள், அவற்றின் முதுகில் கொக்குகள். இவர் அதை ஒருநாளாவது பார்த்திருந்தால்தானே!

"அக்கா, இதுகள் எங்க? கடலெண்டா உப்புவெளியிலேயே நிண்டிருப்பம். இதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தனாங்கள்."

வெறும் தண்ணீர்தான் என்றால் நாளைக்கே உப்புவெளிக்குப் போய்விடலாம் என்று அவள் கணவர் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

"அண்ணனிட்டப் போய்க் கெஞ்சுங்க" என்று இவரைக் கிளப்பினேன். தனியாக விட மனமில்லாமல் நானும் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினேன்.

ஏலாது என்று சொல்ல அண்ணனுக்கு எல்லா நியாயமும் இருந்தது. இவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி, இப்ப நாறாதோ?"

"மன்னிச்சிக்கொள்ளுங்க அண்ணன். அவங்க எருமையளத்தான் பாக்க வந்திருக்காங்க."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப என்ர எருமையளுக்கும் ஒரு ரூம் கட்டுங்க" என்றபடி கம்பை எடுத்தார்.

விடியும்போது எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் கிடந்தன. கொக்குகளும் வந்துவிட்டன. பிரியங்கினி தேத்தண்ணியை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். அண்ணன் ஒரு சட்டி தயிரையும் என் கையில் தந்தார்.

"வந்த ஆக்களுக்குக் குடுங்க பிள்ளை."

குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன். முதல் நன்றி அல்லாஹ்வுக்கு. அடுத்தது, நாங்கள் விரட்டியும் திரும்பி வந்த அந்த மனிதருக்கு.

அவர்கள் கிழமை முழுக்க இருந்தார்கள். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் அவர்களுடைய சிநேகிதர்கள் அறை கேட்டு ஃபோன் எடுத்தார்கள். ஏஜென்சிக்காரனும் எடுத்தான். குளக்கரையில் நின்று, குஞ்சித்தம்பி அண்ணனைப் போலவே எருமைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த இவரிடம் ஃபோனைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"கட்டாரா? இனி ஏலாது," என்றார். "எருமையள் தண்ணிக்கு இறங்கிற நேரம், ஃபோனை வையுங்க."