தெரு தாண்டாத அப்துல் வஹாப்

தண்டையார்பேட்டையில் ஒரு தெரு, ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு, எதிர்ச்சாரியில் இருந்த கல்யாண மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு அதன் பின்புறம் போய்ப் படுத்துக்கொண்டது. காசிமேட்டில் நடந்த அடிதடியில் ஓர் உயிர் போனதற்காக அந்தத் தெருவின் அப்துல் வஹாப் புழல் சிறையில் பதினோராவது ஆண்டில் இருந்தார். கை ஓங்கியது தான்தான் என்று கோர்ட்டில் அவரே சொன்னார். குடும்பமும் அதை யாரிடமும் மறைத்ததில்லை. மகள் ஜஸீமாவின் நிக்காஹுக்கு மூன்று நாள் பரோல் கிடைத்தது. தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், ஸ்டேஷன் எல்லையைத் தாண்டக் கூடாது, திங்கட்கிழமை மாலை ஐந்துக்குள் சிறைக்குத் திரும்ப வேண்டும். அவரை அலையவிடக் கூடாது என்றுதான் மனைவி காத்தூன் பீவி வீட்டுக்கு நேர் எதிர் மண்டபத்தைப் பிடித்திருந்தார். தெருவின் நடுக்கோடுதான் எல்லை, மண்டபம் வேறு ஸ்டேஷனைச் சேர்ந்தது என்பது சனிக்கிழமை கையெழுத்துப் போடப் போனபோதுதான் தெரிந்தது. உத்தரவைத் திருத்தித் தரும் அலுவலகம் அன்றும் மறுநாளும் விடுமுறை.

ஞாயிறு காலை வஹாப் புதுச் சட்டையோடு தன் வீட்டு வாசலில் நின்றார். கண்காணிக்க வந்த ஏட்டு பரசுராமனுக்கே மனசு கேட்கவில்லை.

"போய்ட்டு வா பாய். நான் அந்தாண்ட திரும்பி நின்னுக்கறேன்."

"நீ திரும்பிக்குவ ஏட்டய்யா. நான் போட்ட கையெழுத்து திரும்பிக்குமா? ஒருவாட்டி பேரு கெட்டுது. இன்னொருவாட்டி கெடறதுக்கு எங்க வூட்ல பேரு மிச்சமில்ல."

பெண்ணின் சார்பில் தாய்மாமன் ஒவைஸ் உட்காரலாம் என்றார் நிக்காஹ் நடத்த வந்திருந்த ஹஜ்ரத். ஜஸீமா மண்டபத்து ஜன்னலைத் திறந்தாள்.

"மாமு, நீ உக்காந்தா நான் எந்திரிச்சிப் பூடுவேன். அத்தா வாயால குடுத்தாத்தான் நிக்காஹ்!"

நண்பகல் லுஹர் தொழுகைக்குள் முடியாவிட்டால் கிளம்பிவிடுவோம் என்று எண்ணூர் மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். வஹாப் அசையவில்லை. அப்போதுதான் தெரு போனது. சாக்கடை மூடிகளும், வேகத்தடையும், நின்றிருந்த இரண்டு ஷேர் ஆட்டோக்களும் சேர்ந்தே போயின. ஆட்டோவுக்குள் இருந்த மீன்காரப் பெண்களின் கூடையில் ஐஸ்கூடக் குலுங்கவில்லை. மண்டபத்துப் படி வஹாப் வீட்டுப் படிக்கு ஓர் எட்டு தூரத்தில் வந்து நின்றது. அப்போதும் அவர் காலெடுத்து வைக்கவில்லை. எல்லை எங்கே இருக்கிறது என்று பார்த்துவரச் சொன்னார். பரசுராமன் மண்டபத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"கோடு பின்னாடி கீது பாய். மண்டபம் இப்ப நம்ம ஸ்டேஷன்ல கீது. வா."

அதன் பிறகே வஹாப் உள்ளே போய், ஹஜ்ரத்தின் எதிரில் அமர்ந்து, மகளைத் தன் வாயால் கொடுத்தார்.

திங்கட்கிழமை நாலு மணிக்கே, ஒரு மணி நேரம் முன்னதாக, அவர் புழல் வாசலில் நின்றார். அடுத்த மாதம் மாநகராட்சி தெருவின் பெயர்ப்பலகையைப் பழைய இடத்திலிருந்து பிடுங்கி மண்டபத்தின் பின்னால் நட்டது. தபால்காரருக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. சிறைக்கு அனுப்பிய அறிக்கையில் பரசுராமன் இப்படி எழுதினார்: நிபந்தனைகள் அனைத்தும் கடைப்பிடிக்கப்பட்டன. தெரு ஒன்று இடம் மாறியது. புகார் ஏதும் இல்லை.