சல்லிசான வைத்தியம்

...இல்லீங்க, எங்க குடும்பத்துல அப்படி யாருக்கும் இல்லீங்க என்று குணசீலன் அவ்வளவு சட்டென்று சொல்லியிருக்க வேண்டாம், டாக்டரம்மா கேள்வியை முடிக்கக்கூட இல்லை, வீட்டில் வேறு யாருக்காவது மாறுகண் என்று தொடங்கி அவன் மனைவி ஷோபனாவின் பக்கம்தான் திரும்பினார், அதற்குள் இவன் முந்திக்கொண்டான், அவளும் வாயைத் திறக்கவில்லை, திறந்திருந்தால்... மகள் வெண்ணிலாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரிகிற வரைக்கும் வெளியில் உட்காருங்கள், மறுபடி கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள், மறுபடி என்றால் மறுபடி அந்தக் கேள்வியும் வரும். ஒடுகத்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரி, கீழே கண்டக்டர் வேலூர் வேலூர் என்று தொண்டை கிழியக் கூவுகிறான், ஐந்து வயதுக் குழந்தை அப்பன் மடியில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, எரியுதுப்பா, இன்னும் எவ்ளோ நேரம்ப்பா என்கிறது, அவன் ஷோபனாவின் வலது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கையால் குழந்தையைத் தட்டியபடி மறுகையால் செல்போனில் கணக்குப் போடுகிறான்.

கணக்கில் அவனை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. மோட்டார் காயில் கட்டுகிறவன், செம்புக் கம்பி வாங்கினாலும் மூன்று கடையில் விலை கேட்காமல் வாங்கமாட்டான், ஆலங்காயத்திலிருந்துகூட விவசாயிகள் கிணற்று மோட்டாரை வண்டியில் போட்டுக்கொண்டு அவனிடம் வருகிறார்கள், மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸ் வராமல் போனது தெரியாமல் ஓட்டி உள்ளே எல்லாம் கருகிப்போய், ஓடிக்கிட்டுதான்பா இருந்துச்சி என்று தலையைச் சொறிகிறவர்களை அவன் திட்டுகிற திட்டு தெருமுனை வரைக்கும் கேட்கும். அந்த மனுஷன் பிள்ளையின் கண்ணுக்கும் மூன்று இடத்தில் விலை கேட்டுவிட்டான். “ஷோபா, கேளு, வேலூர்ல தனியார்ல நாப்பதாயிரம் சொல்றான், வாணியம்பாடில முப்பது, அந்த ட்ரஸ்ட்டு ஆஸ்பத்திரில காப்பீட்டு அட்டை இருந்தா கைக்காசு பத்துக்குள்ளாறதான், ஒரே ஆபரேஷன், மறுநாளு வூட்டுக்கு வந்துர்லாம். இங்க இன்னா சொல்றாங்க? கண்ணாடி, அது வருஷா வருஷம் மாத்தணும், நல்ல கண்ணு மேல பட்டை ஒட்டணும், மாசாமாசம் நான் கடைய மூடிட்டு வரணும், ரெண்டு மூணு வருஷம் ஆவுமாம். கூட்டிப் பாரு. ஆபரேஷனே சல்லிசு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “பயப்படாத, நேரா ஆயிட்டா போதும், அப்பறம் உன்ன மாதிரியே இருப்பா” என்றான். அவள் சிரித்து வைத்தாள். எப்போது என்ன சொன்னாலும் சிரித்து வைப்பது அவளுக்குப் பழகிப்போன வேலை.

நேராக ஆகிவிட்டால் போதுமா... சற்றுமுன் உள்ளே டாக்டரம்மா குழந்தையின் இடது கண்ணைக் கையால் மறைத்தபோது வெண்ணிலா பாட்டுக்குப் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வலது கண்ணை மறைத்த உடனே கையைத் தட்டிவிட்டாள், மறுபடி மறைக்க, அம்மா எங்க, அம்மா எங்க என்று அலறினாள், அம்மா இரண்டடி தூரத்தில் எதிரேதான் நின்றிருந்தாள். கண்ணாடியும் பட்டையும் முதலில், ஆபரேஷன் தேவைப்பட்டால் அப்புறம் என்று டாக்டரம்மா சொன்னதை, டாக்டருங்க இழுக்கத்தான் பாப்பாங்க என்று இவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை, திங்கட்கிழமை வருகிறோம் என்று ட்ரஸ்ட் ஆஸ்பத்திரிக்குச் சொல்லியும்விட்டான். அங்கே கத்தி வைப்பார்கள், கண் நேராக வந்து நிற்கும், ஊரே பார்த்து மெச்சும், அந்தக் கண் பார்க்காது. பார்க்கவே பார்க்காது. இது அவளுக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்டால்? கேட்டால் என்ன சொல்வாள்?

அவளுக்கும் இதே மாறுகண்தான், இதே இடது கண், பத்தொன்பது வயதில் அப்பா ராஜாக்கண்ணு வேர்க்கடலை விற்ற பணத்தை மடியில் கட்டிக்கொண்டு, சித்தி வீட்டுக்குப் போகிறோம் என்று ஊரில் சொல்லிவிட்டு அவளைச் சென்னைக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த டாக்டர் நேர்மையான ஆள், இந்த வயசுக்கு மேல பார்வை வராதுங்க, அழகுக்குத்தான் செய்யலாம் என்றார், அழகுதான் சாமி வேணும், பொண்ணுக்கு வரன் பாக்கணும் என்றார் அப்பா. தையல் பிரித்து சிவப்பு வடிந்த மூன்றாம் மாதம் குணசீலன் வீட்டார் பார்க்க வந்தார்கள், மாமியார் குப்பம்மாள் அவள் முகவாயைத் தூக்கிப் பார்த்து, கண்ணே போதும், வேற நகை எதுக்கு என்றாள். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணச் சொல்லியிருக்குது, நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான் என்று அப்பா சமாதானம் சொன்னார், அந்த ஒன்றைத்தான் எட்டு வருஷமாக அவள் சுமக்கிறாள். இடது கண்ணில் சோறு வடிக்கிற ஆவி மாதிரி ஒரு வெள்ளை, அவ்வளவுதான். சாம்பார் தட்டுக்குப் பக்கத்தில் விழும், ஊசியில் நூல் ஏறாது, இடப்பக்கம் வருகிற வண்டி மேலே வந்து இடிக்கிற வரைக்கும் வருவது தெரியாது, ஒருநாள் தவழ்கிற வெண்ணிலா இடப்பக்கமாக அடுப்பு வரைக்கும் போய்விட்டாள், அன்றைக்கு ஷோபனா போட்ட கூச்சலில் பிள்ளை மிரண்டு அழுதது. எல்லாவற்றையும் விட அந்த இன்னொரு பயம், இருக்கிற ஒன்றில் ஒரு தூசி விழுந்தால், ஒரு மிளகாய்த்தூள் பட்டால்... இரவில் எத்தனை முறை கையால் தொட்டுப் பார்த்திருக்கிறாள், இருக்கிறதா என்று. போன வருஷம் குழந்தையின் கண் ஒதுங்கத் தொடங்கியபோது, மாறுகண்ணு வந்தா வூட்டுக்கு அதிர்ஷ்டம்டி, வுட்டுத் தள்ளு என்று குப்பம்மாள் குழந்தைக்கு முத்தம் கொடுத்தாள், அதிர்ஷ்டமாவது மண்ணாங்கட்டியாவது.

“ஷோபா, அந்தாண்ட ஒரு அக்கா உக்கார்றாங்க பாரு, காலை நவுத்திக்கோ” என்றான் குணசீலன். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கணியம்பாடியிலிருந்து வந்தவளாம், ரேணுகாதேவி என்று பெயர், கூட இருந்த மகளுக்கு மூக்குக்கண்ணாடி, அதற்குள் ஒரு கண்ணில் தோல் நிறத்தில் பட்டை, அந்தப் பட்டையில் பேனாவால் ஒரு பூ வரைந்திருந்தது. “மொத மாசம் பெரும்பாடுங்க, பிச்சிப் பிச்சிப் போடுவா, நல்லா தெரியற கண்ண மூடுனா யாருக்குத்தான் கோவம் வராது? இப்ப அந்தக் கண்ணாலயே பஸ்ஸு போர்டு படிக்கிறா.” செலவு எப்படிங்க என்று கேட்டவன் குணசீலன்தான். “பட்டை என்னாங்க பெரிய வெலை, நாம கூடவே உக்காந்து வெளையாட்டு காட்டணும், அதான் செலவு.” அவன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மறுபடி போனைப் பார்த்தான். ஷோபனா அந்தப் பட்டையில் இருந்த பூவையே பார்த்தாள், சொல்லிவிடலாமா, இப்போதே, இந்த இடத்திலேயே, சொன்னால் என்ன ஆகும், ஏமாத்திக் கட்டி வெச்சிட்டீங்களே என்று குப்பம்மாள் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றுவாள், உன் ரத்தத்துலேர்ந்துதான் என் பேத்திக்கு வந்துச்சா என்பாள், அதுகூடப் பரவாயில்லை, இவன்... இவன் ஒன்றும் சொல்லாமல் அவள் முகத்தைப் பார்த்தால், எட்டு வருஷம் பார்த்த முகத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறவன் மாதிரி பார்த்தால், அதை அவள் தாங்குவாளா?

தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். திரும்பி வந்தபோது அவள் நாற்காலியில் ரேணுகாதேவியின் பெண் ஏறி உட்கார்ந்திருந்தது, சரி என்று குணசீலனுக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள், இப்போது அவன் அவளுக்கு இடது பக்கம், வெறும் வெள்ளை ஆவி. குழந்தை முனகுவது மட்டும் கேட்டது. ஒரு நொடிதான், ஆவிக்குள் ஏதோ அசைந்தது, அவன் எழுந்தான், மடியிலிருந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, போனைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, அவள் காலைச் சுற்றி வந்து, வலது பக்கம் உட்கார்ந்தான். எதுவும் நடக்காத மாதிரி, “இன்னும் கூப்புடலியே” என்றான்.

பஸ்ஸில் எப்போதும் இடது ஜன்னல் ஓரத்தை அவளுக்கு விடுவானே, காற்று வரும் உக்காரு என்று... டீ டம்ளரை வலது கைக்குத்தான் நீட்டுவான், சாலையைக் கடக்கும்போது மட்டும் மறக்காமல் இடப்பக்கம் வருவான்... வாசற்காலின் இடதுபுறத்தில் அவள் தோள் இடித்து இடித்துக் கன்றிப்போன அந்த இரும்புக் கொக்கி, துருப்பிடிச்சிருச்சி என்று ஒருநாள் அறுத்துப் போட்டானே, அதில் ஏது துரு? அந்தாண்ட அக்கா உக்கார்றாங்க பாரு... தெரியும். இவனுக்குத் தெரியும். எப்போதிருந்து? டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பியதும், இல்லீங்க என்று முந்திக்கொண்டது அவளைக் காப்பாற்றவா? அழுகை முட்டிக்கொண்டு வந்தது, பாரம் இறங்குகிற அழுகை, அது இறங்குவதற்குள்ளேயே அடுத்த பயம் வந்து உட்கார்ந்தது, முதலில் இருந்ததைவிடப் பெரியது. தெரிந்தும் ஆபரேஷனே சல்லிசு என்கிறான். தெரிந்துதான் சொல்கிறான். உன்ன மாதிரியே இருப்பா... சமைக்கிறாள், சிரிக்கிறாள், பிள்ளை வளர்க்கிறாள், ஒன்றும் குறைந்துபோகவில்லையே என்று எட்டு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்து முடிவு கட்டியிருக்கிறான். அந்தக் கண்ணுக்கு அவள் தினம் கொடுக்கிற விலையை அவள் ஒரு நாளும் அவனிடம் சொன்னதில்லை, சொல்லாத விலையை எந்தக் கணக்கில் அவன் சேர்ப்பான்?

“வெண்ணிலா... வெண்ணிலா யாரு? உள்ள வாங்க” என்று நர்ஸ் கூப்பிட்டாள். அவன் குழந்தையோடு எழுந்து வழக்கம்போல அவளுடைய வலப்பக்கம் வந்தான். ஷோபனா நகரவில்லை. குரல் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை.

“இன்னாங்க, ரெண்டு பேஸ்ல ஓடற மோட்டார யாராவது எடுத்தாந்தா, ஓடுதேன்னு அப்டியே வுட்டுருவீங்களா?”

குணசீலன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவளுடைய இடது கண்ணை மட்டும் தனியாகப் பார்த்தான், நர்ஸ் இரண்டாம் முறை கூப்பிட்டாள், கதவு திறந்திருந்தது, உள்ளே போக அவள் காலெடுத்து வைத்தாள், அவன் எந்தப் பக்கம் வருவதென்று தெரியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கேயே நின்றான்.