பிறந்த வீட்டு வித்து

பதினெட்டு நாட்கள் ஆகியும் அக்காவின் பாத்தியில் ஒரு மிளகாய் வித்துகூட முளைக்கவில்லை. எட்டு, பத்து நாளில் வந்திருக்க வேண்டும். செல்லபாய் அக்கா தினமும் காலையில் தென்னோலையை விலக்கிப் பார்ப்பாள், தண்ணீர் தெளிப்பாள், மறுபடி மூடுவாள்.

"மண்ணு உறங்குது மக்கா," என்பாள், அவளோடு தங்கியிருந்த தங்கையான என்னிடம்.

அது உருண்டை மிளகாய். எங்கள் குடும்பத்தில் மட்டும் உண்டு. நிறம் கூடுதல், எரிப்பு குறைவு. அத்தான் இறந்தபின் அக்கா அதை வறுத்துப் பொடித்துச் செய்யும் கறிமசாலாவைத்தான் கருங்கல் ஊர்ப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் கேட்டு வாங்கினார்கள். அவளும் இரண்டு பிள்ளைகளும் அதை வைத்துத்தான் பிழைத்தார்கள். விதைக்கு வைத்திருந்த பழங்களை இந்த வருடம் எலி தின்றுவிட்டது. ஆவணிக்குள் நாற்று வராவிட்டால் தை, மாசிக் கல்யாணங்களுக்கு அவளிடம் பொடி இருக்காது.

எங்கள் வீட்டில் அந்த வித்தை வெளியாருக்குக் கொடுப்பதில்லை. வீட்டில் பிறந்த பெண் கேட்டால் மட்டும் இல்லை என்று சொல்லக்கூடாது. மூத்த ஆண் தன் கையால் அவள் முந்தானையில் போட வேண்டும். புதுக்கடை ஊரில் எங்கள் பிறந்த வீட்டில் ராஜையன் அண்ணன் இந்த முறையும் அப்படித்தான் போட்டார். ஜெபம் பண்ணிவிட்டுப் போட்டார்.

பதினெட்டாம் நாள், விதைத்தது போக மீதி இருந்த வித்தில் நாலைந்தை ஊறவைத்து, பிளேடால் கீறினேன். உள்ளே வெள்ளையாக, விறைப்பாக இருக்க வேண்டிய முளை பழுப்பாக இருந்தது. நகம் பட்டதும் குழைந்தது. செத்த வித்து.

அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. திருவனந்தபுரத்தில் என்னைத் தாவரவியல் படிக்க வைத்தவர் அண்ணன்.

"வாட்டி, அண்ணன்கிட்ட இன்னும் கொஞ்சம் கேப்போம்," என்றாள் அக்கா. மீதி வித்தைப் பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொண்டேன்.

அண்ணன் நாற்றங்காலில் நின்றுகொண்டிருந்தார். போன வருடத்தைப்போல மூன்று மடங்கு நாற்று.

"நாகர்கோவில்ல ஒரு கடைக்காரருக்கு வேற எங்கயும் கெடைக்காத மொளகா வேணுமாம்," என்றார். "அத்தனையும் தாறேன்னு சொல்லியாச்சு."

"எனக்க பாத்தி மட்டும் மொட்டையா கெடக்கு, அண்ணா."

"வெள்ளத்தைக் கோரி ஊத்தியிருப்ப. இல்லேன்னா ஒனக்க வீட்டுல ஒரு பி.எஸ்ஸி. இருக்குல்லா, அவ பாடம் நடத்தி வித்தைப் பயங்காட்டியிருப்பா."

அக்கா சிரித்தாள். "எனக்க கைதான் சரியில்ல. இன்னும் ஒரு பிடி தாங்க."

"பொறந்த பிள்ள கேட்டு இல்லேன்னா சொல்லுவேன்? ஏட்டி ஞானபாய், அந்தப் பொதியை எடுத்துட்டு வா."

அண்ணன் மனைவி, எங்கள் மைனி, உடனே வந்தாள். பொதி முன்பே கட்டி வைத்திருந்தது.

நான் என் பொட்டலத்தை நீட்டினேன். "அண்ணா, இது மீதி. இதை உங்க பாத்தியில போட்டுப் பாப்போமா?"

அண்ணன் கை நீட்டவில்லை. "இங்க எதுக்கு? எடம் இல்ல."

நாற்றங்காலின் ஓரத்தில் ஒரு கட்டில் போடும் அளவுக்கு மண் கொத்தி வெறுமையாகக் கிடந்தது. அக்கா அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"போடுங்க அண்ணா," என்றாள். "எனக்கு முந்தானையில போட்ட மாதிரி, உங்க கையால போடுங்க."

அண்ணன் குனிந்து களை பிடுங்கத் தொடங்கினார். பிடுங்கியதில் இரண்டு நாற்றும் இருந்தன.

அக்கா மைனியின் பக்கம் முந்தானையை விரித்தாள். மைனி பொதியைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"இதை வாங்காத, செல்லம்," என்றாள். "நெல்லு அவிச்ச சூடு வெள்ளத்துல முக்கினது. அன்னைக்கித் தந்ததும் அப்படித்தான். முக்கினது நான். முக்கச் சொன்னது இவரு."