நாக்குக் கம்மல்

அஃப்ரீனின் தாடைக்குக் கீழே வீங்கியிருந்ததைப் பார்த்ததுமே அம்மா மெஹராஜ் பேகம் முடிவு கட்டிவிட்டாள். பொன்னுக்கு வீங்கி. தன் சங்கிலியைக் கழற்றி மகளின் கழுத்தில் போட்டாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து இரண்டு பக்கமும் அப்பினாள். பொன் பட்டால் வீக்கம் வற்றும் என்பது அய்யம்பேட்டையில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த வைத்தியம்.

அஃப்ரீன் மறுக்கவில்லை. மறுப்பதற்கு வாயைத் திறக்க வேண்டும்.

அவள் நாக்கின் நடுவில் ஓர் எஃகுக் கம்பி இருந்தது. மேலே ஒரு குண்டு, அடியில் ஒரு குண்டு. பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த வருடம் அறைத்தோழிகளோடு போய்க் குத்திக்கொண்டது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அதைக் கீழ்ப்பல்லில் தட்டிக்கொண்டே இருப்பாள். நாளடைவில் முன்பல் ஒன்றின் ஓரம் உடைந்தது. பின்பக்கம் ஈறு இறங்கியது. துப்பினால் ரத்தம் வந்தது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்துச் சமாளித்து வந்தாள்.

நோன்புக்கு ஊருக்கு வந்த பிறகு பகலில் கொப்பளிக்கவில்லை. ஒரு சொட்டு உள்ளே இறங்கினாலும் நோன்பு முறிந்துவிடும் என்ற பயம். வலி கூடியதும் கம்பியைக் கழற்றிவிடலாம் என்று கண்ணாடி முன் நின்றாள். அடிக்குண்டைக் காணவில்லை. சதை வீங்கி அதை மூடியிருந்தது.

மகள் பேசாமல் இருப்பதை நோன்புக் களைப்பு என்று அம்மா எடுத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு சைத்தூன் பீவி வந்து சங்கிலியைத் தொட்டுப் பார்த்தாள். "ஏன் மெஹராஜு, மாப்பிள்ளை பாக்குறதுக்கு முன்னாடியே நகை போட்டுட்டியா?"

"சும்மா இருங்க மாமி. அவளே மூஞ்சி வீங்கிக் கெடக்கா."

"பெங்களூருப் பொண்ணுக்கு நம்ம பேச்செல்லாம் புடிக்கல போல. வாயே தொறக்க மாட்டேங்குறா."

ஷார்ஜாவிலிருந்து அத்தா போனில் கூப்பிட்டார். அவருக்கும் அஃப்ரீன் "ம்" என்றுதான் சொன்னாள். "என்னம்மா, அத்தா மேல கோவமா?" என்று அவர் கேட்டார். அதற்கும் "ம்" தான் வந்தது.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு படுத்தவளுக்கு மூச்சு அடைத்தது. எழுந்து உட்கார்ந்தாள். நாக்கு மேலண்ணத்தை முட்டிக்கொண்டு நின்றது. எச்சில் கடைவாயில் வழிந்தது. கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பலகை போல இறுகியிருந்தது. விலங்கியல் படித்தவள். நாக்கு பின்னால் சரிந்தால் எந்த வழி அடைபடும் என்று அவளுக்குத் தெரியும்.

அம்மா நோன்புக் கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்தாள். அஃப்ரீன் அவள் தோளைப் பிடித்து உலுக்கி, தன் கழுத்தையும் வாசலையும் காட்டினாள்.

"மூணு நாள்ல வத்திரும் புள்ள. இதுக்குப் போய் டாக்டர்ட்ட ஓடுவாங்களா?"

சொன்னால் தெரு முழுக்கப் பேசும். அத்தா வேலையை விடச் சொல்வார். சொல்லாவிட்டால் அம்மா இப்படியே காத்திருப்பாள்.

அஃப்ரீன் போனில் டார்ச்சைப் போட்டு அம்மாவின் கையில் திணித்தாள். முடிந்த மட்டும் வாயைத் திறந்தாள்.

அம்மா குனிந்தாள். நாற்றம் முகத்தில் அடித்திருக்கும். விலகவில்லை.

"இது என்ன புள்ள? கம்மலா?"

அஃப்ரீன் தலையாட்டினாள்.

"நாக்குலயா?"

அம்மா அடிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் புர்காவை மாட்டினாள்.

சைத்தூன் பீவியின் மகன் ஃபஹத்தின் ஆட்டோவில் தஞ்சாவூருக்குப் போனார்கள். வழியெல்லாம் அஃப்ரீன் முன்னால் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்தால் காற்று உள்ளே போகவில்லை.

பல் டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். கழுத்தை அழுத்திப் பார்த்தவுடன் நர்ஸிடம் ஆக்ஸிஜன் கேட்டார்.

"உடனே கீறிச் சீழ எடுக்கணும்மா. கீழ முன்பல்லு ரெண்டும் ஆடுது, எலும்பு கரைஞ்சிருக்கு. அதெல்லாம் அப்புறம். மொதல்ல மூச்சு. எதனால வந்துச்சு?"

ஃபஹத் கதவோரமாகவே நின்றிருந்தான். பல்வலி என்று அம்மா சொல்லிவிடுவாள் என்று அஃப்ரீன் நினைத்தாள்.

"நாக்குல கம்மல் குத்தியிருக்கா டாக்டர். அடிப்பக்கம் சதை வீங்கி மூடிக் கெடக்கு" என்றாள் அம்மா. குரலைத் தாழ்த்தவில்லை.

ஃபஹத் வெளியே போய்விட்டான்.

நர்ஸ் அவளைப் படுக்க வைக்கப் பார்த்தாள். அஃப்ரீன் அம்மாவின் புர்காவை இறுகப் பற்றித் தலையை ஆட்டினாள்.

"படுத்தா மூச்சு நிக்குது அவளுக்கு. உக்காந்தே இருக்கட்டும்" என்றார் டாக்டர்.

நர்ஸ் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். அம்மாவை வெளியே போகச் சொன்னார்கள். தலைக்கு மேலே விளக்கு எரிந்தது. யாரும் கேட்காமலே அஃப்ரீன் வாயைத் திறந்தாள். ஒரு விரல் நுழையும் அளவுதான் திறந்தது.